கல்லுக்கு ஒரு ஆரத்தி

அத்தியாயம் 6

ஜெனிக்கு வாயைத் திறந்தால் இளமாறன்தான். இளமாறன் வந்தான், இளமாறன் சொன்னான், இளமாறனா இப்படிச் செய்வான். எபிக்கு வயிறு எரிந்தது. காலையில் தின்ற பூரி மசாலாவின் வேலை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். பாவம் பூரி, அதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

மேற்குத் தாம்பரம் மார்க்கெட் பக்கத்தில், பாத்திரக்கடை மாடியில் இருந்தது கனகவல்லி துப்பறியும் நிலையம். பெயர்தான் பெரிது. உள்ளே இருப்பது இரண்டே பேர். ஒருவர் கனகவல்லி. ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் நடுவே பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கி வந்தவர். டிக்கெட் எடுக்காதவன் எந்தப் பாக்கெட்டை முதலில் தடவுவான் என்று தெரிந்தவரிடம் பொய் சொல்லிப் பிழைப்பது கஷ்டம். இன்னொருவன் உதவியாளன் எபிநேசர், சுருக்கமாக எபி. அவனுக்கு வாய் ஓயாது. இந்த இருவருக்கும் சோறு போட்டுக்கொண்டிருந்தது கல்யாண மாப்பிள்ளை விசாரணை.

"இளமாறனைப் பத்திப் போதும்மா. கல்லைப் பத்திச் சொல்லு," என்றார் கனகவல்லி. சொல்லிக்கொண்டே மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மார்பில் தொங்கவிட்டார். கண்ணாடிக் கயிறு போன மாதம் அறுந்துபோய், எபிதான் மீன்பிடி நரம்பை வைத்து முடிந்துகொடுத்திருந்தான்.

ஜெனி கைக்குட்டையை மடித்து வைத்துவிட்டு ஆரம்பித்தாள். சேலையூர் தாண்டி ஒரு கல்லூரியில் அவள் இயற்பியல் ஆராய்ச்சி மாணவி. வீடு அஸ்தினாபுரம்.

"படிகாரம் மேடம். தண்ணியில நிறைய கரைச்சு, குட்டியா ஒரு விதைக் கல்லை மீன்பிடி நரம்புல கட்டி உள்ள தொங்க விடுவோம். தண்ணி ஆவியாக ஆவியாக, அது மேல படிஞ்சு படிஞ்சு பெரிய கல்லா வளரும்."

"கற்கண்டு மாதிரி."

"அதே மாதிரிதான். என் கரைசல்ல மட்டும் டெர்பியம்னு ஒரு உலோக உப்பைத் துளி கலந்தேன். அந்த அசுத்தம் கல்லுக்குள்ள போய் உக்காந்துச்சுன்னா, யூவி லேம்ப் அடிக்கும்போது கல் பச்சையா ஒளிரும். பக்கத்து மேசையில இளமாறன் எதுவும் கலக்காம வெறும் படிகாரம் வளர்க்கிறான், ஒப்பிட்டுப் பார்க்க. அது ஒளிராது."

"சுத்தமா இருந்தா இருட்டு, அழுக்கு சேர்ந்தா வெளிச்சமா. நல்ல ஞாயமா இருக்கே," என்றார் கனகவல்லி.

ஜெனி சிரிக்கவில்லை. ஆயுத பூஜை லீவுக்கு முன்னால் அவள் விளக்கை அடித்துப் பார்த்தபோது பீக்கர் பச்சையாக ஜொலித்தது. லீவு முடிந்து வந்து முதல் தடவையாகக் கல்லை வெளியே எடுத்துத் துடைத்து விளக்கடியில் வைத்தாள். இருட்டு. யாரோ கல்லை மாற்றிவிட்டார்கள் என்று அவள் அழ, பேராசிரியர் ரத்தினபாய் கையில் விளக்கோடு ஒவ்வொரு அலமாரியாகப் போனார். இளமாறன் அலமாரியில் ஒரு கல் பச்சையாக ஒளிர்ந்தது.

"அப்புறம் என்ன சந்தேகம்? திருடன், திருட்டுப் பொருள், பீரோ. மூணும் கிடைச்சாச்சு," என்றான் எபி.

சொன்ன வேகம் அவனுக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. கனகவல்லி அவனை ஒரு பார்வை பார்த்தார்.

அந்த லேபில் மார்ச் வரைக்கும் எபியும் இருந்தவன்தான். ஃபெலோஷிப் ஒன்றே ஒன்று வந்தது. அது இளமாறனுக்குப் போயிற்று. உதவித்தொகை இல்லாமல் படிக்க எபி வீட்டில் வசதி இல்லை. மேசையைக் காலி செய்தான், அடுத்த வாரமே அந்த மேசையில் இளமாறன் உட்கார்ந்தான். அது போகட்டும் என்றால், ஜூன் மாதம் ஒருநாள் குரோம்பேட்டை சிக்னலில் இளமாறன் பைக்கில் பின்னால் உட்கார்ந்து ஜெனி ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டு போவதைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தான். மேசை போனதுகூட இவ்வளவு எரியவில்லை.

"உனக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்டார் கனகவல்லி.

"உண்மை தெரியணும் மேடம். நாளைக்குக் கமிட்டி. அவனை லேபை விட்டே அனுப்பிடுவாங்க, அவன் பிஎச்டி அதோட போச்சு. அவன் எடுத்திருந்தான்னா இந்த ஜென்மத்துல அவன் மூஞ்சியில முழிக்க மாட்டேன். எடுக்கலைன்னா..."

தலையைக் குனிந்து கைக்குட்டையை மறுபடி மடித்தாள். பாதியில் நின்ற அந்தப் பேச்சு எபிக்குத் துளியும் பிடிக்கவில்லை.

* * *

சுரங்கப்பாதையைத் தாண்டிக் கிழக்குத் தாம்பரம் வந்து ஷேர் ஆட்டோவில் ஏறினார்கள். ஜெனி முன்னாலேயே போய்விட்டாள். தூறல். ஆட்டோக்காரர் நான்கு பேர் இடத்தில் ஏழு பேரை அடைத்திருந்தார்.

"எந்தக் கல் யாருதுன்னு மெஷின்ல வெச்சுச் சொல்ல முடியாதாடா?" என்று கேட்டார் கனகவல்லி.

"முடியும் மேடம். தாம்பரம் பிளாட்ஃபாரத்துல கூட்டம் நிக்குது. நீங்க 'சவுரிமுத்து'ன்னு கத்தினா யார் திரும்புவா?"

"சவுரிமுத்து."

"மத்தவங்க கண்டுக்க மாட்டாங்க. கல்லுக்குள்ள இருக்குற அசுத்தமும் அப்படித்தான். ஒவ்வொண்ணுக்கும் தன்னோட நிறம்னு ஒண்ணு உண்டு. சரியா அந்த நிறத்துல லேசர் அடிச்சா, அந்த வெளிச்சத்தை வாங்கித் திருப்பி வீசும். நிறம் கொஞ்சம் தள்ளிப் போனாலும் சும்மா கிடக்கும். அதை வெச்சு உள்ள இருக்குறது யாருன்னு கண்டுபிடிச்சிடலாம். ஆனா கல்லை வெளியூருக்கு அனுப்பணும், ரிசல்ட் வர மாசமாகும். அதுக்குள்ள இளமாறன் பொழிச்சலூர் வீட்டு மொட்டை மாடியில உக்காந்து ஏரோப்ளேனுக்கு டாட்டா காட்டிக்கிட்டு இருப்பான்."

"உனக்கு அதுல ரொம்பச் சந்தோஷம் போலிருக்கு."

"ச்சே, எனக்கென்ன மேடம். நடுநிலை."

"ஆளைத் தேட வேண்டாம், சரியான பேரைச் சொல்லிக் கூப்பிட்டாப் போதுங்கற," என்றார் கனகவல்லி. பக்கத்தில் இருந்த பெண்மணியின் முருங்கைக்காய் வழி முழுக்க எபியின் காதைக் குத்திக்கொண்டு வந்தது.

* * *

லேப் வாசலில் அட்டெண்டர் குப்புராஜ் நின்றிருந்தார். எபியைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "இன்னா எபி சார், எங்கள மறந்தே பூட்டியே" என்று தோளைத் தட்டினார். உள்ளே தராசு, அடுப்பு, விளக்கு, கம்ப்யூட்டர் எல்லாவற்றின் நெற்றியிலும் ஆயுத பூஜைச் சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒட்டியிருந்தன.

கறுப்புத் திரைக்குப் பின்னால் இருட்டறை. பேராசிரியர் ரத்தினபாய் விளக்கைப் போட்டார். கள்ளநோட்டுப் பார்க்கிற விளக்கு மாதிரி ஊதா வெளிச்சம். இளமாறன் அலமாரியில் கிடைத்த கல் மஞ்சள் கலந்த பச்சையாக மின்னியது.

"இதுக்கு மேல என்ன வேணும்?" என்றார் ரத்தினபாய். நாகர்கோவில்காரர், சொல்வதைச் சுருக்கமாகச் சொல்லி முடிப்பவர். "எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. நல்ல பையன்னு நெனச்சேன்."

கனகவல்லி கல்லைப் பார்க்கவில்லை. திரையை விலக்கி, வெளியே தராசின் மேல் இருந்த பொட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குப்புராஜ், பூஜை யாரு போட்டது?"

"நான்தான் மேடம். வருசா வருசம் நான்தான்."

"கல்லுக்கெல்லாம் பூஜை உண்டா?"

"உண்டு மேடம். ஜெனிம்மா கல்லு தண்ணிக்குள்ளார கீது, அத்தத் தொடக்கூடாதுன்னு சொல்லிக்கினு இருந்தாங்க. இளமாறன் சார் கல்லு வளந்து முடிஞ்சு வெளியில இருந்துச்சு. அத்த மட்டும் தாம்பாளத்துல வெச்சு, மஞ்சத்தண்ணி தெளிச்சு, பொட்டு வெச்சேன். அப்பால துணியில தொடைச்சு அவராண்டயே குடுத்துட்டேன். கழுவல. கழுவுனா கரைஞ்சு பூடும், படிகாரம் இல்ல?"

"வெத்தலை போடுவீங்களா?"

குப்புராஜ் பேராசிரியரை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு, "எப்பனாச்சும்" என்றார்.

"சுண்ணாம்பு இருந்தா ஒரு துளி குடுங்க."

இடுப்பிலிருந்து சுண்ணாம்பு டப்பா வந்தது. கனகவல்லி சுண்டுவிரல் நுனியில் தொட்டு, கல்லின் ஒரு மூலையில் தடவினார். தடவிய இடம் மெதுவாகச் சிவந்தது. இரத்தச் சிவப்பு.

மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்தால் என்ன நிறம் வரும் என்று தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போய்த் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் இல்லை. கல்யாண வீட்டு வாசலில் நின்றிருந்தால் போதும்.

"மஞ்சளும் இந்த விளக்குல பச்சையா ஒளிரும்," என்று முணுமுணுத்தார் ரத்தினபாய். "தெரிஞ்ச விஷயம்தான். எப்படித் தோணாமப் போச்சு?"

"நீங்க டெர்பியத்தைத் தேடினீங்க, மஞ்சளைத் தேடல," என்றார் கனகவல்லி. "வேற சாமானா இருந்தா யாராவது ஒருத்தர் தண்ணியில அலசியிருப்பாங்க. இந்தக் கல்லை அலச உங்க யாருக்கும் மனசு வராது."

"கல்லுக்கு ஆரத்தி எடுத்தாச்சு," என்றான் எபி. "இனிமே வலது காலை எடுத்து வெச்சு உள்ள வரட்டும்."

குப்புராஜ் மட்டும் சிரித்தார். எபிக்கு உள்ளுக்குள் சிரிப்பு வரவில்லை. இளமாறன் கையைவிட்டு நழுவுகிறானே என்று இருந்தது. ஆனால் ரத்தினபாய் எபியைக் கைவிடவில்லை.

"சரி. இது ஜெனியோட கல் இல்ல, இளமாறனோடதுதான். அப்போ ஜெனி கல் எங்க? பீக்கர்ல இருந்து எடுத்தது ஒளிரல. அதுவும் அவன் வளர்த்த கல்லுல ஒண்ணாத்தான் இருக்கணும். நல்லதை வேற எங்கயோ கொண்டுபோய் வெச்சுட்டு, தன்னோடதை உள்ள தொங்க விட்டிருக்கான். குற்றம் அப்படியேதான் இருக்கு."

வெறும் வாயை மெல்கிறவனுக்கு அவல் கிடைத்த மாதிரி இருந்தது எபிக்கு. "கரெக்ட் மேடம்," என்றான், கொஞ்சம் சத்தமாகவே.

"அப்போ அந்த இருட்டுக் கல்லையும் பார்த்துடு," என்றார் கனகவல்லி. "கற்கண்டுல நூல் இருக்குமே, அந்த மாதிரி இதுல என்ன இருக்குன்னு பாரு."

எபி கண்ணாடித் தட்டில் இருந்த கல்லை ஜன்னல் பக்கம் கொண்டுபோனான். நெல்லிக்காய் அளவு, எட்டு முகம், பளிங்கு மாதிரித் தெளிவு. நடுவில் விதைக் கல். அதைச் சுற்றி நரம்பு, நரம்பில் ஒரு முடிச்சு. கல் அந்த முடிச்சை அப்படியே விழுங்கி வளர்ந்திருந்தது.

கல்லைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுவந்தான்.

இரண்டு சுற்று, நடுவில் ஒரு வளையம், வால் திரும்பித் தன் மேலேயே படுத்திருந்தது. கோவளத்தில் வலை பின்னுகிற வீராசாமி அவனுக்குச் சொல்லிக்கொடுத்த முடிச்சு. "தண்ணி பட்டா இன்னும் இறுகும் எபி, அவுக்கணும்னா அறுக்கணும்" என்பான் வீராசாமி. இந்த லேபில் அதைப் போடத் தெரிந்தவன் எபி ஒருவன்தான். மார்ச் மாதம், கடைசி நாள். விதைக் கல் அவிழ்ந்து அவிழ்ந்து விழுகிறதென்று சலித்துப்போய் ஜெனி டீ குடிக்கப் போயிருந்தாள். எபி அவள் மேசையில் உட்கார்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு இந்த முடிச்சைப் போட்டுத் தொங்கவிட்டான். அவளிடம் சொல்லவில்லை. சொல்லாமலே தெரிந்துகொள்வாள் என்று ஒரு நினைப்பு. அவள் தெரிந்துகொள்ளவில்லை.

ஆக, இது ஜெனியின் கல். யாரும் எதையும் மாற்றவில்லை. ஏன் ஒளிரவில்லை என்பது வேறு கதை, ஆனால் இளமாறன் திருடன் இல்லை. அதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் எபி. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதும் இல்லை.

நாளைக்குக் கமிட்டி. அந்த மேசை மறுபடி காலி. பைக்கின் பின் சீட்டும் காலி.

"என்னடா, ஏதாவது இருக்கா?" என்றார் கனகவல்லி, அறையின் அந்தக் கோடியிலிருந்து.

"ஒண்ணுமில்ல மேடம். சாதா நரம்பு. எல்லாரும் கட்டுற மாதிரிதான்."

சொல்லும்போது அவன் கை தானாகச் சட்டைப் பாக்கெட்டைத் தடவியது. கனகவல்லி அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் தொங்கவிட்டார்.

* * *

பேராசிரியர் அறையில் இளமாறனைக் கூப்பிட்டார்கள். ஒல்லி, சோடாபுட்டிக் கண்ணாடி. யாரும் கேட்காமலே அலமாரிச் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தான்.

"நான் எடுக்கல மேடம். வேற என்ன சொல்றதுன்னு தெரியல."

பிறகு எபியைப் பார்த்து, "நல்லா இருக்கியா எபி?" என்று கேட்டான். ஒரு குத்தல் இருக்கிறதா என்று எபி தேடிப் பார்த்தான். இல்லை. அதுதான் இவனிடம் பெரிய தொல்லை. மனசாரத் திட்டலாம் என்றால் ஒரு பிடிப்பும் கிடைக்காது.

ஜெனி கதவோரம் நின்றாள். இளமாறனை நேராகப் பார்க்காமல், அவன் செருப்பைப் பார்த்தாள்.

கனகவல்லி இருட்டுக் கல்லை எடுத்து வெளிச்சத்தில் உருட்டினார்.

"விசாரணை முடிஞ்சுது பேராசிரியரம்மா. இது இளமாறன் கட்டின கல்தான்."

எபிக்கு நெஞ்சு ஒரு துள்ளு துள்ளியது. இளமாறன் வாயைத் திறப்பதற்குள் கனகவல்லி கையமர்த்தினார்.

"ஆனா தம்பி, ஒண்ணு சொல்லணும். திருட்டுப் பழி வந்தாலும் உங்க கைவேலை சுத்தம். உள்ள இருக்கு பாருங்க முடிச்சு, என்ன நேர்த்தி. இதைப் போட்ட விரலுக்கு மோதிரம் போடலாம். பொறுமை, பாசம், எல்லாம் இருந்தாத்தான் இப்படி வரும். ஜெனி, நீயும் பாரும்மா."

ஜெனி கிட்டே வந்து குனிந்து பார்த்தாள். அவள் குரல் உடைந்திருந்தது.

"ஆமா மேடம். அழகா இருக்கு. இளமாறன் எதைச் செஞ்சாலும் இப்படித்தான், அவ்வளவு கவனமாச் செய்வான். அப்படிப்பட்டவன் ஏன்..."

"அது என் முடிச்சு."

சொன்னது யார் என்று எபியே ஒரு கணம் திரும்பிப் பார்த்தான். அவனேதான். காது இரண்டும் கொதித்தன.

"அவனுக்கு எங்க வரும் இந்த முடிச்சு? அவன் ஷூ லேஸையே ரெண்டு தடவை கட்டுறவன். இது கோவளத்து வலை முடிச்சு, வீராசாமி சொல்லிக்குடுத்தது. மார்ச் மாசம், நான் போன அன்னிக்கு, நீ டீ குடிக்கப் போயிருந்தே. நான்தான் கட்டினேன். எல்லாத்தையும் அவனுக்கே குடுங்க. மேசையைக் குடுத்தாச்சு, ஃபெலோஷிப்பைக் குடுத்தாச்சு, இதையுமா?"

ஜெனி அவனையே பார்த்தாள். "குப்புராஜ் அண்ணன் கட்டினதுன்னுல்ல நெனச்சேன்," என்றாள் மெதுவாக.

கனகவல்லி தன் கண்ணாடிக் கயிற்றைக் கல்லுக்குப் பக்கத்தில் பிடித்தார். இரண்டு சுற்று, ஒரு வளையம், திரும்பிப் படுத்த வால். இரண்டும் ஒரே முடிச்சு.

"ரெண்டும் ஒரே கைதான், பார்த்துக்கோங்க. மார்ச்சுல கட்டின முடிச்சு கல்லுக்கு நட்டநடுவுல இருக்கு. இதை வெளியில இருந்து உள்ள வைக்க யாராலயும் முடியாது. அப்போ இது ஜெனி கல். எதுவும் மாறல, யாரும் திருடல."

"அப்போ ஏன் ஒளிரல?" என்றார் ரத்தினபாய்.

"அதை நான் உங்களைக் கேக்கணும். ஜெனி, இந்தக் கல்லைத் தண்ணிக்கு வெளியில வெச்சு என்னைக்காவது ஒளிரப் பார்த்திருக்கியா?"

ஜெனி யோசித்தாள். "இல்ல. வளர்ற கல்லைத் தொடக்கூடாது. பீக்கரோடதான் லேம்ப் அடிப்பேன்." சொல்லி முடிக்கும்போதே அவள் முகம் வெளுத்தது.

எல்லோரும் இருட்டறைக்குப் போனார்கள். மேலே காகிதம் கட்டி மூடிய பீக்கர் அப்படியே இருந்தது, உள்ளே கல் இல்லாத வெறும் கரைசல். ரத்தினபாய் விளக்கைப் போட்டார்.

தண்ணீர் முழுக்கக் கிளிப்பச்சை.

"உள்ள போகவே இல்ல," என்றார் ரத்தினபாய். "படிகாரத்துல அலுமினியம் உக்கார்ற இடம் சின்னது, டெர்பியம் பெருசு. கல் வளர வளர அதை வெளியிலயே தள்ளிடுச்சு. எல்லாம் தண்ணியிலதான் நின்னுருக்கு."

அத்தனை மாதமும் கல் ஒளிரவில்லை. கல்லைச் சுற்றி இருந்ததுதான் ஒளிர்ந்தது. பார்த்தவள் ஆசையாகப் பார்த்தாள், அதனால் கல்லே ஒளிர்கிற மாதிரித் தெரிந்தது. எபிக்கு அது சுருக்கென்று தைத்தது. ஜெனி டீ வாங்கிக்கொடுத்தது, நோட்ஸ் கேட்டது, 'நீ இல்லன்னா லேபே போர்டா' என்று சொன்னது. அவனும் ஒரு பீக்கரைத்தான் அத்தனை நாளும் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜெனி அழப்போகிறாள் என்று நினைத்தான். ஆராய்ச்சி மறுபடி முதலிலிருந்து, அழ வேண்டியதுதான். அவள் அழுதாள். ஆனால் அழுதுகொண்டே சிரித்தாள். இளமாறன் கையை, அத்தனை பேர் முன்னாலும், பிடித்துக்கொண்டாள்.

"எடுக்கல இல்ல நீ? எடுக்கல," என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

விளக்கை அணைத்த பிறகும் அவள் முகத்தில் வெளிச்சம் இருந்தது. அது தன்னைப் பார்த்து வந்த வெளிச்சம் இல்லை என்பதை எபி அப்போதுதான் முழுசாக ஒப்புக்கொண்டான். வலித்தது. நன்றாகவே வலித்தது.

கிளம்பும்போது ஜெனி வாசல் வரை ஓடி வந்தாள். காகிதத்தில் சுற்றிய கல்லை அவன் கையில் வைத்தாள்.

"உன் முடிச்சுதானே எபி. நீயே வெச்சுக்கோ. நீ மட்டும் சொல்லலைன்னா..."

"பரவால்ல. கல்யாணத்துக்குப் பத்திரிகை வை. மொய்க்குப் பதிலா இலவசமா மாப்பிள்ளை விசாரணை பண்ணித் தர்றேன்," என்றான். வாய் என்னவோ பழக்கத்தில் பேசிவிட்டது.

* * *

தூறல் விடவில்லை. கிழக்குத் தாம்பரத்தில் பஸ் ஸ்டாப் எதிரே டீக்கடையில் ஒதுங்கினார்கள்.

"எப்போ தெரிஞ்சுது மேடம்?"

"கல்லைக் கையில எடுத்ததும் ஜோக் அடிக்கிறதை நிறுத்திட்டே. அப்புறம் பாக்கெட்டைத் தடவினே. டிக்கெட் இல்லாதவன் தடவுற மாதிரி. நரம்பைப் பார்த்தேன், என் கழுத்துல தொங்குற முடிச்சு."

"அப்பவே என்னைப் பிடிச்சிருக்கலாமே."

"நான் பிடிச்சா நீ மாட்டிக்கிட்டவன். நீயே சொன்னா சாட்சி. அதான் சரியான பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். இளமாறன்னு சொன்னா உனக்கு எரியும், எரிஞ்சா வெளிச்சம் வரும்." கனகவல்லி டீயை ஒரு மிடறு குடித்தார். "பொறாமையில நல்லது நடந்து நான் பார்த்ததே இல்லடா. இன்னைக்குப் பார்த்துட்டேன்."

எபி டீ மாஸ்டரிடம் ஒரு கிளாஸ் கொதிக்கிற வெந்நீர் வாங்கினான். காகிதத்தைப் பிரித்துக் கல்லை உள்ளே போட்டு, ஸ்பூனால் கலக்க ஆரம்பித்தான்.

"இன்னா சார், கற்கண்டா? சக்கரை பத்தலன்னா கேக்க வேண்டிதானே," என்றார் மாஸ்டர்.

"கற்கண்டு இல்லண்ணா, படிகாரம். திருஷ்டிக்கு."

"அதுக்கு வாசல்ல கட்டணும் சார், கரைக்கப்படாது. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதும்பாங்க. யார் கண்ணு பட்டுச்சு?"

"என் கண்ணுதாண்ணா."

மாஸ்டருக்குப் புரியவில்லை, அடுத்த டீயை ஆற்றப் போய்விட்டார். கல்லின் முனைகள் மழுங்கின, பிறகு முகங்கள் போயின. கொஞ்ச நேரத்தில் கிளாஸில் வெறும் தண்ணீரும் ஒரு துண்டு நரம்பும் மிஞ்சின. எபி நரம்பை வெளியே எடுத்து நகத்தால் முடிச்சை நெம்பினான், பல்லால் கடித்து இழுத்தான். நகம்தான் வலித்தது. தண்ணீர் பட்டு முன்னைவிட இறுகியிருந்தது.

கனகவல்லி கைப்பையைத் திறந்து நகவெட்டியை எடுத்து நீட்டினார்.

எபி அதைப் பார்த்தான், நரம்பைப் பார்த்தான். பிறகு நரம்பைச் சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, ஆறிப்போன டீயை எடுத்தான்.

"இருக்கட்டும் மேடம். உங்க கண்ணாடிக் கயிறு மறுபடி அறுந்தா வேணும்."